புகைக்குச் சாட்சி யார்?

வைகறைத் தொழுகைக்கு உளூச் செய்வதற்காகப் பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து நீரில் கைவைத்தபோது, குழல்விளக்கின் வெளிச்சத்தில் நம் விரல்களைச் சுற்றி ஒரு கரும்படலம் விலகி விலகிக் கூடுவதைக் கண்டோம். எண்ணெயன்று; பாசியுமன்று. ஒற்றியெடுத்துத் தேய்த்தால் மையெனப் படியும் கரித்துகள். இரவு இஷாவுக்குப் பின் மோதினார் கழுவித் துடைத்துவிட்டுப் போன படிகளிலும் அதே கருமை. தொழுது எழுந்தால் வெண்தொப்பிகளிலும் அது புள்ளியிட்டிருக்கும். 2023ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நமக்குப் பழகிப்போன காட்சி இது. பழகிப்போனது என்பதே முதற்பிழை. அதனை நாம் உணர்வதற்கு மேலும் பல மாதங்கள் பிடித்தன.

நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸா இருக்கும் தெருவுக்கு மேற்கே ஓர் அரிசி ஆலை உள்ளது. இன்றைய உரிமையாளரின் தந்தையார் காலத்தில் அது வெறும் ஹல்லர் மில். ஊர்மக்கள் தம் வீட்டில் அவித்துக் காயவைத்த நெல்லைச் சாக்கில் சுமந்துவந்து அரைத்துச் செல்வர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அது கொதிகலனும் உயர்ந்த புகைபோக்கியும் கொண்ட பெரிய ஆலையாக வளர்ந்தது. ஊருக்கு வேலை கிடைத்தது, உண்மை. அதனோடு மூன்று விருந்தாளிகளும் வந்து சேர்ந்தனர். உமியை எரிக்கும் கொதிகலனிலிருந்து புகை. உமியும் தவிடும் சாம்பலும் கலந்த தூசு. புழுங்கலுக்காக நெல்லை ஊறவைத்த தொட்டியின் நீர் புளித்து எழும் நாற்றம். ஒரே மதிலுக்குள்ளிருந்து மூவகைத் தொல்லை.

இதன் கணக்கு எளியது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். ஆகவே 10 டன் நெல்லுக்கு 2 டன் உமியும், அது முழுவதும் எரிக்கப்பட்டால் 400 கிலோ சாம்பலும் உண்டாகும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி கொதிகலனின் அடியிலேயே தங்கிவிடும். புகையோடு பறந்துபோகும் சிறுபகுதியே ஒரு தெருவைக் கறுப்பாக்கப் போதுமானது.

தெருவின் கடைக்கோடியில் வடகம் பிழிந்து விற்று வாழும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். மொட்டைமாடியில் வெள்ளைத் துணி விரித்து அவர் பிழிந்து வைக்கும் வடகம், மாலையில் எடுக்கும்போது மிளகு தூவியதுபோல் இருக்கும். கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு இரவெல்லாம் இளைப்பு. எதிர்வீட்டு இந்துக் குடும்பத்தில் புது மருமகள் நெற்றானிய ஊறலின் நாற்றம் தாளாமல் பிறந்தகம் சென்றுவிட்டாள். 2024 ஜனவரியில் ஒருநாள் அஸருக்குப் பின் இவர்கள் அனைவரும் சேர்ந்து மதரஸா வாசலுக்கு வந்தனர்.

“ஹஜ்ரத், நீங்க நல்ல தமிழ்ல எழுதுவீங்க. நகராட்சிக்கு ஒரு மனு எழுதித் தாங்க” என்றார் மூதாட்டி.

எழுதினோம். ‘சுவாசிக்கும் உரிமை பறிக்கப்பட்டது’, ‘சொல்லொணாத் துயரம்’, ‘கண்ணீரும் கம்பலையும்’ என்று நமது தமிழ்ப் புலமை முழுவதையும் அந்த ஒரு தாளில் இறக்கினோம். முப்பத்தொரு பேர் கையொப்பமும் கைரேகையும் இட்டனர். நாம் இடவில்லை. ஏனென்று யாரும் கேட்கவுமில்லை, அவர்களுக்குத் தெரியும். ஆலையின் உரிமையாளரே நமது ஜமாஅத்தின் முத்தவல்லி. மதரஸாவில் தங்கி ஓதும் நாற்பது மாணவருக்கும் மாதந்தோறும் அரிசி அவருடைய ஆலையிலிருந்தே வருகிறது. நமது ஊதியத்தில் ஒரு பகுதியும் அவர் கையிலிருந்து வருவதே. மனு முழுவதும் ‘நாங்கள், நாங்கள்’ என்று எழுதிய கை, அந்த ‘நாங்க’ளில் தன்னைச் சேர்த்துக்கொள்ள அஞ்சியது.

இத்தகைய புகார்களுக்கு நம் மாநிலத்தில் சட்டமில்லை என்று எண்ணுவோர் உளர். சட்டம் உண்டு, பழமையானதும் உண்டு. 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் தொல்லைகளை நீக்குவதற்கென ஒரு தனிப் பகுதியையே கொண்டுள்ளது. தொல்லைக்கு ஆளானவர் உள்ளாட்சியின் சுகாதார அலுவலரிடம் தகவல் தரலாம். அலுவலர் நேரில் கண்டு, காரணமானவருக்கு அறிவிப்பு அனுப்பி, குறித்த காலத்துக்குள் நீக்கச் சொல்லலாம். 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், ஆபத்தானவை, அருவருப்பூட்டுபவை எனப் பட்டியலிட்ட தொழில்களை நகராட்சியின் உரிமமின்றி நடத்தலாகாது என்றது. வணிகர்கள் ‘டி அண்டு ஓ லைசென்ஸ்’ என்று சொல்வது அதனைத்தான். 1998இல் இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்த பின்னரும், தொழில் உரிமம் தரும் பொறுப்பு நகராட்சியிடமே இருக்கிறது.

இது முதல் வாசல். இரண்டாம் வாசல், 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படி ஆலைகளுக்கு இசைவாணை வழங்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியம். மூன்றாம் வாசல் கோட்டாட்சியர் போன்ற நிருவாக நடுவர். பொதுத்தொல்லையை நீக்குமாறு நிபந்தனை ஆணை பிறப்பிக்க அவருக்கு 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆம் பிரிவில் அதிகாரம் தந்தது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அதே அதிகாரம் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் அமைந்திருக்கிறது. மூன்று வாசல்களிலும் தட்டலாம் என்பது வசதி. மூன்று வாசல்களும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டலாம் என்பது இடர்.

நமது மனு இரண்டையும் கண்டது. நகராட்சியில் எண்ணிட்டுப் பெற்றுக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து ஒருநாள் பகல் பதினொரு மணிக்குத் தல ஆய்வு நடந்தது. ஆலை கொதிகலனை மூட்டுவது பின்னிரவு மூன்று மணிக்கு. காலை எட்டுக்குள் அவியல் முடிந்துவிடும். பதினொரு மணிக்கு வானம் நீலமாயிருந்தது. ‘ஆய்வின்போது புகை ஏதும் காணப்படவில்லை’ என்று பதில் வந்தது. அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. பிறகு மனு வாரியத்துக்கு மாற்றப்பட்டது. வாரியத்திலிருந்து, தொழில் உரிமம் நகராட்சியைச் சார்ந்ததென்று திரும்பியது. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுவும் சுற்றிச் சுழன்று அதே நகராட்சி மேசைக்கு வந்து சேர்ந்தது. வெயில் காலம் வந்துவிட்டது. மூதாட்டி வடகம் பிழிவதையே நிறுத்தினார்.

அலுவலர்களைக் குறைகூறுவது எளிது. நாமும் அப்போது கூறினோம். ஆனால் எண்ணிப் பார்த்தால் அவர்களுடைய இடர் ஒன்று புலப்படும். குப்பை மேடாகக் குவிந்திருந்தால் எப்போது வந்தாலும் அது அங்கேயே இருக்கும். இடிந்த சுவர் அலுவலருக்காகக் காத்திருக்கும். புகையும் நாற்றமும் காத்திருப்பதில்லை. காற்று திரும்பினால் தடயமே இல்லை. தூசை அளக்கக் கருவியுண்டு. ஆனால் அது சுகாதார ஆய்வாளரின் பையில் இருப்பதில்லை. நாற்றத்துக்கோ மூக்கைத் தவிர எளிய அளவுகோல் இல்லை. பல வார்டுகளைச் சுமக்கும் ஓர் ஆய்வாளர், தாம் காணாத ஒன்றுக்கு எவ்வாறு அறிவிப்பு எழுதுவார்? எழுதினாலும் மேல்முறையீட்டில் அது நிற்குமா? ஆகவே இவ்வகைப் புகாரின் உயிர் சட்டத்தில் இல்லை, சாட்சியத்தில் இருக்கிறது.

இதனை நமக்குக் கற்பித்தவர் மே மாதத்தில் புதிதாக மாற்றலாகி வந்த சுகாதார ஆய்வாளர் ஒருவர். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு மதரஸாவுக்கே வந்தார்.

“ஐயா, இதை எழுதியது நீங்கள் என்று சொன்னார்கள். தமிழ் நன்றாக இருக்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது” என்றார்.

“ஏன்?”

“துயரம் என்று இருக்கிறது. எத்தனை மணிக்கு என்று இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து என்று இல்லை. எத்தனை நேரம் என்று இல்லை. எழுதியவர் கையெழுத்தும் இல்லை.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பண்பு இன்றும் நினைவிலிருக்கிறது.

பிறகு அவர் வழி சொன்னார். ஒரு குறிப்பேடு வையுங்கள். நாள், மணி, எவ்வளவு நேரம் நீடித்தது, காற்று எந்தத் திசை, எங்கிருந்து வந்தது, என்ன கெட்டது என்று மட்டும் எழுதுங்கள். ஒருவரே எழுதினால் போதும். ஆனால் ஒருநாளும் விடாமல் எழுத வேண்டும். புகை இல்லாத நாளில் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். நல்லதை மறைத்து எழுதும் ஏட்டை யாரும் நம்பமாட்டார்கள். முப்பது நாள் கழித்துத் தாருங்கள். எந்த மணிக்கு வரவேண்டுமென்று அந்த ஏடே எனக்குச் சொல்லிவிடும்.

மூதாட்டியின் பேத்தி ஒன்பதாம் வகுப்பு மாணவி. கோடிட்ட குறிப்பேடு ஒன்றைப் பென்சிலோடு நூலில் கட்டி அடுப்படி ஆணியில் மாட்டிக்கொண்டாள். எழுதும் பொறுப்பு அவளுடையதாயிற்று.

அந்த முப்பது நாட்களும் நாம் நமது கிதாபுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். உள்ளத்தில் ஓர் உறுத்தல். கையொப்பமிடாததற்கு மார்க்கத்தில் ஒரு நியாயம் கிடைக்குமா என்று தேடினோம் என்பதே உண்மை. முதலில் கிடைத்தது போலவும் தோன்றிற்று. நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்தும் இமாம் நவவீயின் ‘மின்ஹாஜ்’, ஒருவர் தமது உடைமையை வழக்கத்துக்கேற்பப் பயன்படுத்தலாம் என்கிறது. வீடுகள் சூழ்ந்த தமது மனையைக் குளியல் கூடமாகவோ தொழுவமாகவோ ஆக்கலாம், துணிக்கடைகளின் நடுவே கொல்லுப்பட்டறையும் வைக்கலாம் என்பதே வலுவான கருத்தென்கிறது. ஆலைக்காரர் பக்கம் தீர்ப்பாயிற்று என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டபோது, அதே வாக்கியத்தின் வால் நம்மைப் பிடித்துக்கொண்டது. போதிய முன்னெச்சரிக்கை செய்து, சுவர்களையும் உறுதிப்படுத்தினால்தான் அந்த அனுமதி. வழக்கத்தை மீறினால் விளையும் சேதத்துக்கு அவரே பொறுப்பாளி. இருபது ஆண்டுகளாக அந்த வாலை ‘நிபந்தனை’ என்று இலக்கணம் சொல்லிக் கடந்துபோயிருக்கிறோம். அதற்கு ஒரு தெருவும் ஒரு புகைபோக்கியும் பொருளாக இருக்குமென்று எண்ணியதில்லை.

ஹனபி வழியில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ இன்னும் வெளிப்படையானது. அஹ்மது ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை உதுமானிய அரசு உருவாக்கிய சட்டத் தொகுப்பு அது. அதன் 1200ஆம் விதி, அண்டையாருக்கு நேரும் மிகையான தீங்கு எவ்வாறேனும் நீக்கப்பட வேண்டும் என்று கூறி, எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறது. ரொட்டி அடுப்பின் புகையாலோ எண்ணெய்ச் செக்கின் நாற்றத்தாலோ வீட்டுக்காரர் வீட்டில் இருக்க முடியாமற்போவது. களத்துத் தூசினால் குடியிருக்க இயலாமற்போவது. புகை, தூசு, நாற்றம் மூன்றும் ஒரே விதியில்! அதே இடத்தில், இன்னொருவரின் நெற்களத்துக்குக் காற்று வராதவாறு உயரமான கட்டடம் எழுப்புவதும் தீங்கே என்று களக்காரருக்கும் நீதி செய்கிறது. தொழிலுக்கும் காற்றில் பங்குண்டு. குடியிருப்புக்கும் காற்றில் பங்குண்டு.

மக்களின் தொல்லைகளைத் தேடிச்சென்று நீக்கும் அலுவலர் ஒருவர் இஸ்லாமிய நகரங்களில் இருந்தார், முஹ்தஸிப் என்பர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய கையேடு, ரொட்டி சுடுவோரின் கடைக்கூரைகளை உயர்த்தவும், புகை வெளியேற அகன்ற வழி வைக்கவும் முஹ்தஸிப் ஆணையிட வேண்டும் என்கிறது. அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை; புகைக்கு வழி செய்யச் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டு உச்சநீதிமன்றமும் ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்தது. ரொட்டிக்கடைக்காரர் ஒருவரின் அடுப்பும் புகைபோக்கியும் அண்டையாரின் உடல்நலத்துக்கும் வசதிக்கும் ஊறு செய்கின்றன என்று நடுவர் ஆணையிட்ட வழக்கு அது. கோவிந்த் சிங் எதிர் சாந்தி சரூப் என்பது அதன் பெயர். அடுப்பும் புகைபோக்கியும் அகற்றப்பட வேண்டும் என்பதை நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் அவ்விடத்தில் ரொட்டித் தொழிலையே செய்யலாகாது என்ற பகுதி தேவைக்கு மிஞ்சியது என்று திருத்தியது. பின்னர், 1980இல், ரத்லாம் நகராட்சி வழக்கு. திறந்த சாக்கடையின் நாற்றத்தால் வாடிய மக்கள் நடுவரிடம் முறையிட்டனர். நகராட்சியோ பணமில்லை என்றது. பணமின்மையைக் காட்டி ஓர் உள்ளாட்சி தன் அடிப்படைக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். ஒரு வழக்கு தொல்லை தருபவருக்குப் பாடம்; மற்றொன்று தொல்லையைப் பாராமுகமாயிருக்கும் உள்ளாட்சிக்குப் பாடம்.

இவையெல்லாம் படித்து முடித்த செருக்கோடு, ஜூன் மாத இறுதியில் அந்தக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். ஆய்வாளரும் உடனிருந்தார். சிறுமி பென்சிலால் நேர்த்தியாக எழுதியிருந்தாள். ‘காலை 4.10. புகை. மேல்காற்று. மேற்கு மாடி வழி. 7.30 வரை. துணியில் கரி.’ ‘மாலை 5. நாற்றம். மேற்கு. ஒரு மணி நேரம்.’ ‘இன்று இல்லை, ஆலை விடுமுறை.’ முப்பது நாளில் பத்தொன்பது நாள் மேற்கிலிருந்து புகை. நாம் தலையசைத்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினோம்.

ஆய்வாளரின் விரல் ஓரிடத்தில் நின்றது. ‘காலை 6.30. காற்று இல்லை. புகை. வடக்குச் சன்னல் வழி. அம்மா இருமினார்கள்.’ அடுத்த நாளும் அதே நேரம், அதே சன்னல். வியாழக்கிழமைகளில் ‘மாலை 6. பிளாஸ்டிக் எரியும் நாற்றம். வடக்கு.’ ஆலை விடுமுறையென்று எழுதிய நாளிலும் வடக்குப் புகை இருந்தது.

“வடக்கே என்ன இருக்கிறது, அம்மா?” என்று மூதாட்டியைக் கேட்டார் ஆய்வாளர்.

அவர் பதில் சொல்லவில்லை, முந்தானையைச் சரிசெய்துகொண்டார். சிறுமி நம்மைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தாள். பதில் சொல்ல வேண்டியவர் நாமே.

வடக்கே இருப்பது மதரஸாவின் சமையற்கட்டு. நாற்பது மாணவருக்குச் சவுக்கு விறகிலும் தென்னை மட்டையிலும் உலை கொதிக்கும் அடுப்பு. அதன் தகரப் புகைபோக்கி துருப்பிடித்துப் பாதியில் ஒடிந்து எத்தனையோ காலமாயிற்று. ஒடிந்த வாய் அந்த வீட்டின் சன்னலுக்கு நேரே. வியாழன் மாலைகளில் வாரத்தின் குப்பையைக் கூட்டிக் கொல்லையில் கொளுத்துவது மாணவருக்கு நாம் இட்ட பணி. தூய்மை ஈமானின் பகுதியென்று சொல்லியே அதனைச் செய்வித்தோம். வெங்காயமும் பூண்டும் பச்சையாக உண்டவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வரவேண்டாமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைப் பாடம் நடத்தியதும் அதே வியாழக்கிழமைகளில்தான். கூடத்தில் பாடம், கொல்லையில் நெருப்பு. நமது மூக்குக்கு அது ஒருநாளும் நாற்றமாகப் படவில்லை.

“ஏன் சொல்லவில்லை, தாயே?” என்று பிறகு கேட்டோம்.

“ஓதுற புள்ளைங்களுக்கு ஆக்குற அடுப்பு, ஹஜ்ரத். அதப்போய் எப்படிச் சொல்றது?” என்றார்.

ஆலைக்காரரின் சோற்றை உண்பதால் நாம் வாய்திறக்கவில்லை. நம்மீது வைத்த மரியாதையால் அவர் வாய்திறக்கவில்லை. இரண்டு மௌனங்களுக்கும் நடுவே புகை மட்டும் தாராளமாக உலவிற்று. ஏட்டில் எழுதிய சிறுமிக்கு மட்டுமே எந்த மௌனமும் இல்லை. ஆய்வாளர் சொன்னபடி, கண்டதை எழுதினாள்.

அன்று மாலையே விறகடுப்பை நிறுத்தினோம் என்று எழுத ஆசைதான், அது நடக்கவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. காலை உணவுக்கு எரிவாயு அடுப்பு வந்தது. மதிய உலைக்கு விறகே நீடித்தாலும், புதுப் புகைபோக்கி கூரைக்கு மேல் எட்டடி உயர்த்தப்பட்டது. கொல்லையில் எரிப்பதை அறவே விட்டோம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடுத்திருந்தன என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். ஆய்வாளர் நமக்கும் ஓர் அறிவிப்பு எழுதிக் கையில் தந்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேட்டார். இட்டோம். அதே பேனாவால் அந்தப் பழைய மனுவை வாங்கி, முப்பத்திரண்டாவது கையொப்பத்தையும் இட்டோம்.

பின்னர் முத்தவல்லியின் வீட்டுக்குச் சென்றோம். மனு போனது அவருக்குத் தெரியும். எழுதியது யாரென்றும் தெரியும். முகம் கொடுக்கவில்லை.

“ஹஜ்ரத், ஆலை என் வாப்பா காலத்தது. வீடுகள் பிறகு வந்தவை. முன்னால் இருந்தவனை நகரச் சொல்வது நியாயமா?” என்றார்.

“ஆலை பழையது, ஹாஜியார். கொதிகலன் புதியது” என்றோம். முன்பே இருந்த பட்டறையின் அருகே பின்னர் வந்து வீடு கட்டியவர் பட்டறையை மூடச் சொல்ல முடியாது என்றே மஜல்லாவும் கூறுகிறது. ஆனால் வாப்பா காலத்து ஹல்லர் கரியைக் கக்கவில்லையே! அதன்பின் நமது சமையற்கட்டின் கதையைச் சொன்னோம். குறிப்பேட்டையும் காட்டினோம். மேற்கு என்று எழுதிய பக்கங்களை அவர் வேகமாகக் கடந்தார். வடக்கு என்று எழுதிய பக்கத்தில் நின்றார். நெடுநேரம் பேசவில்லை.

“உங்களையும் எழுதியிருக்கிறாளே இந்தப் பெண்!” என்றார் கடைசியில். அதன்பின் அவர் குரலில் பகை இல்லை. செலவைப் பற்றிய கவலை இருந்தது. அது நியாயமான கவலை.

ஜூலையில் ஒருநாள் பின்னிரவு நான்கு மணிக்கு ஆய்வாளர் நகர்நல அலுவலரோடு வந்தார். ஏடு சொன்ன மணியில் வந்ததால், ஏடு சொன்னதைக் கண்டார். அறிவிப்பு பிறந்தது. உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் திருத்தங்கள் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. நகராட்சியின் கையிலுள்ள வலிமையான கருவி அபராதமன்று. இந்தப் புதுப்பிக்கும் நாளே.

ஆலையில் சைக்ளோன் எனப்படும் புனல்வடிவக் கருவி பொருத்தப்பட்டது. புகை அதனுள் சுழலும்போது கனத்த துகள்கள் சுவரில் மோதிக் கீழே விழுந்துவிடும். நெல்லைத் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் ஊறவைக்கும் பழைய முறையை விட்டு, ஏறத்தாழ 70 பாகை வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைக்கும் முறைக்கு மாறினர். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்துத் தந்த முறை அது. நீர் புளிக்க நேரமில்லாததால் நாற்றம் பெருமளவு அடங்கிற்று.

எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. சைக்ளோன் நுண்ணிய துகள்களைப் பிடிப்பதில்லை. மேல்காற்று பலத்து வீசும் நாட்களில் இன்றும் ஹவுளில் மெல்லிய கருமை தெரிகிறது. ஆனால் மூதாட்டி மீண்டும் வடகம் பிழிகிறார். கடைக்காரர் திருப்பி அனுப்புவதில்லை. சிறுவனின் இளைப்பு குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. மதரஸாவுக்கு அரிசி வருவதும் நிற்கவில்லை. அது நின்றுவிடும் என்றஞ்சி நாம் ஐந்து மாதம் பேனாவை மூடி வைத்திருந்ததை எண்ணி வெட்கப்படுகிறோம்.

இதனைப் படிக்கும் குடும்பத்தார்க்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். உங்கள் தெருவிலும் ஓர் ஆலையோ, ரொட்டி அடுப்போ, கோழிக்கழிவோ, குப்பைக்கிடங்கோ இருக்கலாம். முறையிடத் தயங்காதீர்கள், அது பகைமையன்று. ஆனால் அழுகையை எழுதாதீர்கள், மணியை எழுதுங்கள். திசையை எழுதுங்கள். இல்லாத நாளை இல்லையென்று எழுதுங்கள். மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தொழிலை ஒழிக்கக் கேட்காதீர்கள். தீங்கை ஒழிக்கக் கேளுங்கள். உங்கள் பெயரை எழுதுங்கள். பெயரில்லாத சாட்சியமும் புகையும் ஒன்றுதான். இரண்டையும் பிடித்து நிறுத்த முடியாது.

இன்னொன்றும் உண்டு, அது கடினமானது. நம் வீட்டிலும் ஒரு வடக்குச் சன்னல் பிறர்பக்கம் திறந்திருக்கலாம். நம் அடுப்பின் புகை நம் கண்ணைக் கரிப்பதில்லை. அதனை அறிந்தவர் அண்டைவீட்டார் ஒருவரே. அவரோ மரியாதை கருதியோ அச்சம் கருதியோ வாய்திறவாதிருப்பார். அவர் முறையிடும் நாளில் சினங்கொள்ளாதிருப்பதும், முறையிடாத நாளில் தாமே சென்று கேட்பதும் அண்டையாருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.

அந்தக் குறிப்பேடு நிறைந்துவிட்டது. புதியது ஒன்றை வாங்கி, நாமே நூல் கட்டி அந்தச் சிறுமியிடம் கொடுத்தோம். அவள் முதற்பக்கத்தில் நான்கு திசைகளின் பெயரையும் எழுதிக் கோடிட்டிருக்கிறாள். வாரத்துக்கொருமுறை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன், அதனை வாங்கிப் படிக்கிறோம். முதலில் பார்ப்பது வடக்குப் பத்தியை.